ஜெயித்த கால் ஏன் இழுத்துக்கொண்டது?

"சார், நீங்கதானே ஓடலாம்னு சொன்னீங்க?"

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஆசிரியை என் எதிரே உட்கார்ந்து இப்படிக் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதனால்தானோ என்னவோ, எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கல்லூரி நாட்களில் பூப்பந்து ஆடியவர். பிரசவமாகி எட்டு மாதம் ஆனதும் வந்து, "பழையபடி ஓடியாடலாமா சார்?" என்று கேட்டிருந்தார். நாடி பார்த்தேன். பசி, தூக்கம், மலம் எல்லாம் விசாரித்தேன். ரத்தத்தின் அளவும் சரியாக இருந்தது. "தாராளமா ஓடுங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எப்படி ஆரம்பிக்கணும், எவ்வளவு தூரம் ஓடணும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளி விளையாட்டு விழாவில் ஆசிரியைகளுக்கான ஓட்டப் பந்தயம். பாதி தூரத்தில் கெண்டைக்காலில் யாரோ கல்லால் அடித்த மாதிரி சுளீர் என்று ஒரு வலி. அப்படியே உட்கார்ந்துவிட்டார். வீட்டில் மாமியார், "பெத்தவ ஓடலாமா?" என்று கேட்டாராம்.

கால் ஆறு வாரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் அவர் ஓடவே இல்லை.

2020 ஜனவரியில் டென்னிஸ் வீராங்கனை சானியா மிர்சா பற்றிய செய்திகளைப் படித்தபோது எனக்கு இந்த ஆசிரியையின் முகம்தான் ஞாபகம் வந்தது.

சானியா 2017 அக்டோபரில் முழங்கால் வலியோடு ஆட்டத்தை நிறுத்தினார். அடுத்து கர்ப்பம். 2018 அக்டோபரில் மகன் பிறந்தான். உடம்பு 89 கிலோவுக்குப் போய்விட்டது. உடற்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடுமாக 26 கிலோ குறைத்து 63-க்குக் கொண்டு வந்ததாக அவரே சொன்னார். இரண்டே கால் வருஷ இடைவெளிக்குப் பிறகு, 33 வயதில், ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் நடந்த போட்டியில் உக்ரைனின் நாடியா கிச்செனோக்கோடு ஜோடி சேர்ந்து இறங்கினார். முதல் ஆட்டத்திலேயே முதல் செட் போய்விட்டது. அப்புறம் சுதாரித்துக்கொண்டு ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்து, இறுதிப் போட்டியில் சீனாவின் பெங் ஷுவாய், ஜாங் ஷுவாய் ஜோடியை 6-4, 6-4 என்று தோற்கடித்துக் கோப்பையையே வாங்கிவிட்டார்.

நாடே கைதட்டியது. நானும்தான்.

அடுத்த வாரம் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓபன். பயிற்சியில் வலது கெண்டைக்காலில் காயம். கலப்பு இரட்டையர் பிரிவிலிருந்து விலகிக்கொண்டு, பெண்கள் இரட்டையரில் மட்டும் ஆடிப் பார்த்தார். முதல் சுற்றிலேயே 2-6, 0-1 என்று இருந்தபோது, இனி முடியாது என்று நிறுத்திக்கொண்டார்.

"போன வாரம் கோப்பை வாங்கிய கால் இந்த வாரம் ஏன் இழுத்துக்கொள்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். அவருடைய காலுக்குள் என்ன நடந்தது என்பதை அவரைச் சோதித்த மருத்துவர்தான் சொல்ல முடியும். ஆனால் நீண்ட ஓய்வுக்குப் பிறகு உடம்பு எப்படித் திரும்புகிறது என்பதைப் பொதுவாகச் சொல்லலாம்.

உடம்பு மொத்தமாக ஒரே நாளில் திரும்புவதில்லை. தவணை தவணையாகத்தான் திரும்பும். முதலில் வருவது மூச்சு. சில வாரப் பயிற்சியிலேயே இதயமும் நுரையீரலும் "நான் ரெடி" என்று சொல்லிவிடும். அடுத்தது தசை. அதற்குச் சில மாதம் ஆகும். கடைசியாக வருவது தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநார். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் சுமை தாங்கும் பலம் மெதுவாகத்தான் ஏறும். மூச்சு வாங்கவில்லையே என்று நாம் வேகத்தைக் கூட்டுகிறோம். பின்னால் நொண்டிக்கொண்டு வரும் தசைக்கும் நாருக்கும் அந்தச் சேதி போய்ச் சேருவதில்லை.

டென்னிஸில் இந்தச் சங்கடம் இன்னும் அதிகம். சும்மா நேராக ஓடும் ஆட்டம் இல்லை அது. நிற்கணும், தாவணும், சட்டென்று பக்கவாட்டில் திரும்பணும். ஒவ்வொரு தடவையும் தரையை உதைத்துத் தள்ளுவது கெண்டைக்கால்தான். பயிற்சியில் எவ்வளவு ஆடினாலும், புள்ளி கணக்கு ஓடும் ஆட்டத்தில் உடம்பு தன்னை மறந்து கூடுதலாகக் கொடுத்துவிடும். அந்தக் கூடுதல்தான் வினை.

பிரசவமான பெண்ணுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் மூட்டுகளைப் பிடித்து நிற்கும் நார்களைத் தளர்த்திவிடும். வயிற்றுத் தசையும் இடுப்படித் தசையும் பழைய பிடிப்புக்கு வர மாதக்கணக்கில் ஆகும். பாலூட்டல், ராத்திரி விழிப்பு வேறு. எங்கள் சித்த மருத்துவம் இதையெல்லாம் வாதத்தின் கணக்கில் வைத்துத்தான் பேறுகாலத்துக்கென்று தனியாகப் பத்தியமும் எண்ணெயும் ஓய்வும் வைத்தது. ஓய்வு கொடுக்கச் சொன்னார்களே தவிர, ஆயுசுக்கும் மூலையில் உட்காரச் சொல்லவில்லை.

என் ஆதங்கமே இங்கேதான். நம் வீடுகளில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒன்று, "பெத்தாச்சு, இனி என்ன ஆட்டம்?" இன்னொன்று, இப்போது புதிதாக வந்திருப்பது: "அவங்க மூணே மாசத்துல இளைச்சுட்டாங்களாம், நீ ஏன் இன்னும் இப்படி இருக்கே?" முதல் குரல் பெண்ணை முடக்குகிறது. இரண்டாவது குரல் அவளை விரட்டுகிறது. இரண்டும் தப்பு என்பேன். சானியாவுக்கு விளையாட்டுதான் தொழில். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கப் பயிற்சியாளர்கள் உண்டு. அவருக்கே கால் இழுத்தது என்றால், குக்கர் விசிலுக்கும் ஆபீஸ் பஸ்ஸுக்கும் நடுவே ஓடப் போகும் உங்களுக்கு எவ்வளவு நிதானம் வேண்டும்? பாலூட்டும் தாய் மாதத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் குறைக்க ஆசைப்பட வேண்டாம்.

விளையாட்டு உலகமே இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டிருக்கிறது. குழந்தை பெற்றுத் திரும்பும் வீராங்கனை, பழைய தரவரிசையை வைத்தே குறிப்பிட்ட சில போட்டிகளில் நுழையலாம், பிரசவத்திலிருந்து மூன்று வருஷம் வரை இந்தச் சலுகை உண்டு என்று 2018 டிசம்பரில் பெண்கள் டென்னிஸ் சங்கம் விதியை மாற்றியது. அங்கே மூன்று வருஷம் தருகிறார்கள். நம் வீட்டில் மூன்று மாதம் தர யோசிக்கிறோம்!

சரி, இடைவெளிக்குப் பிறகு எப்படித் திரும்புவது? பிரசவம் மட்டுமில்லை. டைபாய்டு, டெங்கு, ஆபரேஷன், வேலை மாற்றம் என்று எந்தக் காரணத்தால் விட்டிருந்தாலும் இதுதான் வழி. முன்பு செய்ததில் பாதியில் தொடங்குங்கள். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள். நீதிபதி யார் தெரியுமா? மறுநாள் காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கிற முதல் அடி. அந்த அடியில் வலித்தால் நேற்று அதிகம் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அன்றைக்கு ஓய்வு. ஆபரேஷனோ சிசேரியனோ ஆனவர்கள், அறுவை செய்த மருத்துவரின் அனுமதி இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது.

கெண்டைக்கால் சுளீரென்று இழுத்துவிட்டால்? சித்த மருத்துவனே சொல்கிறேன், உடனே தைலம் போட்டு நீவாதீர்கள். வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். முதல் இரண்டு நாள் ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ், காலைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பது, அவ்வளவுதான். வீக்கம் வடிந்த பிறகு உளுந்துத் தைலம் போன்றவற்றை மருத்துவர் சொன்னபடி பூசலாம். முக்கியமாக இதைக் கேளுங்கள்: பிரசவம், ஆபரேஷன், நீண்ட படுக்கை ஆகியவற்றுக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அது தசைப்பிடிப்பாக இல்லாமல் ரத்தக்கட்டியாகவும் இருக்கலாம். அதை நீவிவிட்டால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கடைசியாக ஒன்று. மெல்போர்னில் பாதியில் நின்றதோடு சானியா மூட்டை கட்டிவிடவில்லை. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அங்கிதா ரெய்னாவோடு ஆடினார். முதல் செட்டை 6-0 என்று எடுத்தும் தோற்றார்கள். எதிரே நின்ற உக்ரைன் ஜோடியில் ஒருவர் அதே ஹோபார்ட் தோழி கிச்செனோக்! அந்த செப்டம்பரிலேயே செக் நாட்டின் ஆஸ்ட்ராவாவில் ஜாங் ஷுவாயோடு சேர்ந்து மறுபடி ஒரு கோப்பை. 2023 ஜனவரியில் ரோஹன் போபண்ணாவோடு ஆஸ்திரேலிய ஓபன் கலப்பு இரட்டையர் இறுதிப் போட்டி. அதற்கு அடுத்த மாதம்தான் துபாயில் விடைபெற்றார். எப்போது போதும் என்பதை அவரேதான் முடிவு செய்தார், அந்தக் கெண்டைக்கால் செய்யவில்லை.

அந்த ஆசிரியைக்கு நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். "கால் இழுத்தது நீங்க ஓடினதால இல்லம்மா, நான் அவசரமா சொன்னதால. ஆறு வாரம் பொறுங்க, பாதியிலேருந்து ஆரம்பிக்கலாம்" என்று. அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. கட்டுப் போட்டு, தைலம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் அவர் மாதிரி ஒருவர் இருந்தால், நாளைக்குக் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள். ஆரம்பத்துக்கு அது போதும்.