எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுங்கள்
மூதூர் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்



தோப்பூரில் தரம் 4 படிக்கும் ஒரு பிள்ளையிடம் ஆங்கிலப் பாடநூலைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். படித்த பாடமென்றால் கடகடவென்று ஒப்புவிக்கும். அதே சொற்களை இடம் மாற்றிக் கரும்பலகையில் எழுதினால் திகைத்து நிற்கும். "எஸ், யு, என்" என்று எழுத்தின் பெயர்களைச் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். அந்த மூன்று பெயர்களையும் எவ்வளவு வேகமாகச் சேர்த்தாலும் 'ஸன்' வராது. 'ஸ்-அ-ன்' என்று சத்தத்தைக் கூட்ட வேண்டும். அதை ஒழுங்குமுறையாகப் பழக்காமல் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது.

ஆங்கில எழுத்துகளை அவற்றின் ஒலியோடு, படிப்படியாக, தரம் 1 இலிருந்தே கற்பிக்கும் முறையை வலயத்தின் எல்லா ஆரம்பப் பிரிவுகளிலும் கொண்டுவாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். தரம் 1, 2 இல் வாய்மொழி ஆங்கிலம். தரம் 3 இல் பாடநூல் கைக்கு வருகிறது. பேச்சிலிருந்து வாசிப்புக்குத் தாண்டும் அந்த இடத்தில்தான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். ரியூசனுக்கு வசதியுள்ள வீட்டுப் பிள்ளை எப்படியோ கரையேறிவிடும். வயல் வேலைக்குப் போகும் தாய் தகப்பனின் பிள்ளைக்குப் பாடசாலையை விட்டால் வேறு வழியில்லை.

இந்த முறை எங்கள் ஊருக்குப் புதிதல்ல. குர்ஆன் மத்ரஸாவில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் அலிஃப், பா, தா படித்து, 'பா'வுக்கு மேலே கோடிட்டால் ஒரு சத்தம், கீழே இட்டால் இன்னொரு சத்தம் என்று கூட்டித்தான் ஓதப் பழகுகிறார்கள். தமிழ் எழுத்து பிரித்துக் காட்டாத 'பி' (b), 'எஃப்' (f), 'இஸட்' (z) ஒலிகள் அரபு ஓதும் நாவுக்கு ஏற்கனவே வசமாகியிருக்கின்றன. தமிழ்ப் பாடத்தில் 'க்', 'அ' சேர்ந்து 'க' ஆவதையும் எல்லாப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இத்தனை பலம் கையிலிருந்தும் ஆங்கிலத்துக்கு வந்ததும் சொல்லை முழுசாகப் பாடமாக்கு என்கிறோம். எஸ், ஏ, டீ, பீ (p), ஐ, என் ஆகிய ஆறு எழுத்துகளின் சத்தம் பிடிபட்டாலே ஸிட், டிப், பின், டின், நிப் என்று யாரும் சொல்லித்தராத சொற்களையும் பிள்ளை தானே வாசிக்கும்.

ஸ்கொட்லாந்தின் கிளக்மனன்ஷயரில் இம்முறையைச் சோதித்த ஆய்வாளர்கள் ஏறத்தாழ 300 பிள்ளைகளை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2005 இல் முடிவை வெளியிட்டார்கள். ஒலிமுறையில் படித்தவர்கள் சொல் வாசிப்பில் தம் வயதுக்கு மூன்றரை ஆண்டுகள் முன்னே நின்றார்கள். பொருள் விளங்குவதில் அந்த முந்துதல் சில மாதங்கள் மட்டுமே. ஆகவே ஒலிமுறையைக் கொண்டுவருவதற்காக வாய்மொழி ஆங்கிலத்தைக் கைவிட்டுவிடக் கூடாது. சொல்லின் பொருள் பேச்சில்தான் பிடிபடும். இங்கிலாந்து, வாசிப்புக் கற்பித்தல் பற்றிய 2006 ரோஸ் அறிக்கைக்குப் பின் இம்முறையைப் பாடசாலைகளுக்குப் பொதுவாக்கியது. 2012 முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் தனித்தனியே வாசிக்க வைத்துப் பார்க்கிறது.

எனக்குள்ள பெரிய கவலை ஆசிரியர் பயிற்சிதான். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள், ஒலிகளோ ஏறக்குறைய 44. ஓர் ஆசிரியர் 'க்' என்பதைக் 'கு' என்று சொல்லிக்கொடுத்தால் கூட்டும்போது சொல் குழம்பிவிடும். ஒலிக்கு அடங்காத சொற்களும் உண்டு. அவற்றை எப்போது, எப்படிக் காட்டுவது என்பதும் தெரிய வேண்டும். ஒருநாள் செயலமர்வும் ஒரு கட்டுப் படஅட்டையும் இதற்குப் போதாது. ஆசிரிய ஆலோசகர்கள் வகுப்பறைக்குள் வந்து பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தோப்பூர், அல்லைநகர், பள்ளிக்குடியிருப்பு என்று எந்த ஊரின் சிறிய பாடசாலையும் விடுபடக் கூடாது. படித்த எழுத்துகளை மட்டும் கொண்ட சிறு வாசிப்பு நூல்களை வலய ஆசிரியர்களே எழுதித் தரலாம்.

தரம் 3 முடிவில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே சில நிமிடங்கள் வாசிக்கவைத்துப் பாருங்கள். அந்தப் பெறுபேற்றை வைத்துப் பாடசாலைகளைத் தரவரிசைப்படுத்த வேண்டாம். பின்தங்கிய பிள்ளைக்குக் கைகொடுக்க மட்டும் அது உதவட்டும்.

அடுத்த ஆண்டின் முதலாம் தவணை தொடங்குமுன் ஆசிரியர் பயிற்சிக்கான சுற்றறிக்கையை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
தோப்பூர்ப் பெற்றோர் ஒருவர்