தபால்காரர் நிறுத்தினால் பதினாறு நாள்! அரசு நிறுத்தினால்...?

தபால் ஊழியர்கள் வேலை நிறுத்தம் என்று செய்தி வந்தால் போதும், கடைவீதியில் வசவு ஆரம்பித்துவிடும். "கை நிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டு இவர்களுக்கு எதற்கய்யா ஸ்டிரைக்?" என்று கல்லாவில் இருப்பவர் கேட்பார். "தபால் இல்லாவிட்டால் என்ன பாய், கூரியர் இருக்கிறது, அதுவும் இல்லாவிட்டால் செல்போன் இருக்கிறது" என்று பக்கத்தில் நிற்கும் இளைஞர் ஒத்து ஊதுவார்.

வணிகப் பெருமக்களே! இளைஞர்களே! இந்த இரண்டு பேச்சும் தவறு. தவறு மட்டுமல்ல, நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் பேச்சு. ஏன் என்று சொல்கிறோம், பொறுமையாகப் படியுங்கள்.

யாருக்குக் கை நிறையச் சம்பளம்?

இந்தியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான அஞ்சலகங்கள் இருக்கின்றன. பத்தில் ஒன்பது கிராமங்களில்தான். இந்தக் கிராமத்துக் கிளை அஞ்சலகங்களை நடத்துவது நிரந்தர அரசு ஊழியர்கள் அல்லர். 'கிராமின் டாக் சேவக்' என்று இன்று அழைக்கப்படும் பழைய 'ஈ.டி.' ஊழியர்கள். நாடு முழுவதும் இவர்கள் இரண்டரை லட்சம் பேருக்குக் குறையாது.

இது வெள்ளைக்காரன் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் போட்ட கணக்கு. ஊர் வாத்தியாரிடமோ மளிகைக் கடைக்காரரிடமோ தபால் பையைக் கொடுத்துவிடு. அவருக்கு வேறு வருமானம் இருக்கிறது. கைச்செலவுக்கு ஏதாவது கொடுத்தால் போதும் என்ற கணக்கு. வெள்ளைக்காரன் போய்விட்டான், அவன் போட்ட கணக்கு போகவில்லை. அஞ்சலகம் நடத்த இடத்தைக்கூட அந்த ஊழியரே காட்ட வேண்டும். பெரும்பாலும் அவர் வீட்டுத் திண்ணையோ முன்னறையோதான் அரசாங்கத்தின் அஞ்சலகம்!

இவர்கள் அரசின் கீழ்ப் பதவி வகிப்பவர்களே என்று உச்ச நீதிமன்றம் 1977ல், ராஜம்மா என்ற ஊழியரின் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனாலும் துறையின் விதிகள் இன்றும் இவர்களை மத்திய அரசுப் பணிக்கு வெளியேதான் நிறுத்தி வைத்திருக்கின்றன. ஏழாவது ஊதியக் குழுவின் பலன் நிரந்தர ஊழியர்களுக்கு 1.1.2016 முதல் கிடைத்தது. இவர்களுக்கோ தனியாக ஒரு கமிட்டி! அந்த கமலேஷ் சந்திரா கமிட்டியின் அறிக்கை 2016 நவம்பரில் அரசின் கைக்கு வந்தது. வந்து என்ன செய்தது? பதினெட்டு மாதம் தூங்கியது.

2018 மே 22 அன்று ஊழியர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். கிராமங்களில் தபால் பைகள் பிரிக்கப்படாமல் கிடந்தன. ஜூன் 6 அன்று மத்திய அமைச்சரவை கூடி ஊதிய உயர்வுக்கு ஒப்புதல் தந்தது. பதினெட்டு மாதம் அசையாத கோப்பு பதினாறு நாளில் அசைந்தது! அப்படியும் கிடைத்தது எவ்வளவு? நான்கு மணி நேர வேலைக்குக் கிளை போஸ்ட்மாஸ்டருக்குக் குறைந்தபட்சம் மாதம் 12,000 ரூபாய், உதவியாளருக்கு 10,000 ரூபாய். நிரந்தர ஊழியருக்குரிய ஓய்வூதியம் கிடையாது.

2023 டிசம்பர் 12 அன்று மீண்டும் களத்தில் இறங்கினார்கள். எட்டு மணி நேர வேலை கொடு, ஓய்வூதியம் கொடு, கணக்குப் பிடி, இன்சூரன்ஸ் பிடி என்று 'டார்கெட்' வைத்து நெருக்காதே என்று கேட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், விவசாயிகள் போராட்டத்துக்கு நிதி கொடுத்தார்கள் என்று காரணம் காட்டி, அஞ்சல் ஊழியர் தேசிய சம்மேளனத்தின் அங்கீகாரத்தையே அரசு பறித்திருந்தது. கடைவீதியில் 'கை நிறையச் சம்பளம்' என்று திட்டுகிறோமே, அது யாரை என்று இப்போது புரிகிறதா?

கூரியர் வருமா?

அடுத்த பேச்சுக்கு வருவோம். கூரியர் எந்த ஊருக்குப் போகும்? லாபம் உள்ள ஊருக்குப் போகும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடைக்கு இரண்டு முறைகூட வரும். பத்து கிலோ மீட்டர் உள்ளே இருக்கும் குக்கிராமத்துக்கு? "டவுனுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று போன் வரும்.

தபாலின் அடிப்படையே வேறு. 1854ல் இந்த நாட்டில் தூரத்தைப் பார்க்காத ஒரே கட்டணம் வந்தது. கால் தோலா எடையுள்ள கடிதத்துக்கு அரை அணா. பக்கத்து ஊரானாலும் அதுதான், ஆயிரம் மைலானாலும் அதுதான். எல்லா வாசலுக்கும் ஒரே விலை! ஏழையின் வாசலும் பணக்காரனின் வாசலும் தபால்காரருக்கு ஒன்று. இதுதான் தபால். மற்றதெல்லாம் வியாபாரம்.

வியாபாரம் செய்யும் சகோதரர்களே! வீட்டிலிருந்தே ஆன்லைனில் அத்தரும் புர்காவும் விற்கும் நம் இளைஞர்கள் எத்தனை பேர்! வாடிக்கையாளர் பட்டணத்தில் மட்டுமா இருக்கிறார்? பாஸ்போர்ட் எதில் வருகிறது? ஸ்பீடு போஸ்டில். செக் திரும்பினால் தகவல் தெரிந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் விட வேண்டுமே, அதை எதில் அனுப்புகிறீர்கள்? கூரியர் சீட்டைக் காட்டியா வழக்கு நடத்துகிறீர்கள்? வளைகுடாவிலிருந்து டிராப்ட் வந்த காலத்தில், தபால்காரரின் சைக்கிள் மணிக்காக வாசலில் காத்திருந்த சமுதாயம் இது. அந்த டிராப்ட்டுகளை அமானிதமாகச் சுமந்து வந்து கையில் கொடுத்தவர்களை இவ்வளவு சீக்கிரம் மறக்கலாமா?

சத்தமில்லாமல் நடக்கும் நிறுத்தம்

ஊழியர் நிறுத்தினால் ஊரெல்லாம் தெரிகிறது. அரசு நிறுத்துவது தெரிகிறதா? பாருங்கள்.

1898ம் ஆண்டுச் சட்டம், கடிதம் சுமக்கும் உரிமையையும் அதோடு வரும் பொறுப்பையும் மத்திய அரசிடம் வைத்திருந்தது. 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சலகச் சட்டம் அந்தத் தனியுரிமையை எடுத்துவிட்டது. தபால்தலை வெளியிடும் உரிமை மட்டும் மிச்சம். ஆனால் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் சொல்லி நம் தபாலை இடைமறிக்கும் அதிகாரத்தை மட்டும் 9வது பிரிவில் பத்திரமாக வைத்துக்கொண்டது. சுமக்கும் பொறுப்பு தளர்கிறது, பிரித்துப் பார்க்கும் அதிகாரம் தளரவில்லை!

2025ல் இருந்து ரிஜிஸ்டர் தபால் தனிச் சேவையாக இல்லை. ஸ்பீடு போஸ்டில் கரைத்துவிட்டார்கள். 20 கிராம் கடிதத்தை டெல்லிக்கு ரிஜிஸ்டர் செய்ய வரியோடு சுமார் 26 ரூபாய் ஆனது. 2025 அக்டோபர் 1ல் வந்த கட்டணப்படி, வெளியூருக்கு 50 கிராம் வரை 47 ரூபாய், ரிஜிஸ்டர் செய்ய மேலும் 5 ரூபாய், அதன்மேல் வரி. 60 ரூபாயைத் தாண்டிவிட்டது. உள்ளூருக்கு அவ்வளவு வித்தியாசம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வழக்கும் வியாபாரமும் உள்ளூரோடு நின்றுவிடுகின்றனவா? இதற்காக எந்தக் கடைவீதியில் யார் கோபப்பட்டார்கள்?

மேலை நாடுகள் காட்டும் பாதை

இது எங்கே போய் முடியும் என்று தெரிய வேண்டுமானால் இதே பாதையில் முன்னே போனவர்களைப் பாருங்கள்.

பிரிட்டனில் 1516ல் தொடங்கிய ராயல் மெயிலை 2013ல் பங்குச் சந்தையில் விற்றார்கள். அப்போது 60 பென்ஸாக இருந்த முதல் வகுப்புத் தபால்தலை 2025 ஏப்ரலில் 1 பவுண்டு 70 பென்ஸ். 2022ல் லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்கள் 18 நாட்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அன்று பத்திரிகைகள் பேசியதெல்லாம் தேங்கிய கடிதங்களைப் பற்றித்தான். ஆனால் 2025 ஜூலை 28 முதல், இரண்டாம் வகுப்புக் கடிதத்தைத் தினமும் கொடுக்க வேண்டியதில்லை, ஒருநாள் விட்டு ஒருநாள் போதும், சனிக்கிழமை வேண்டாம் என்று அனுமதித்துவிட்டார்கள். நிறுவனமும் செக் நாட்டுக் கோடீஸ்வரர் ஒருவரின் கைக்குப் போய்விட்டது. இது எந்த ஊழியரின் ஸ்டிரைக்?

டென்மார்க்கில் 1624ல் தொடங்கிய அரசுத் தபாலின் கடைசிக் கடிதம் 2025 டிசம்பர் 30 அன்று கொடுக்கப்பட்டது. தெருவில் நின்ற 1,500 சிவப்புத் தபால் பெட்டிகளைப் பிடுங்கிவிட்டார்கள். அதற்கு முன்பே, 2024ல், எல்லா வாசலுக்கும் கடிதம் கொடுக்கும் கடமையைச் சட்டம் போட்டு நீக்கிவிட்டார்கள். இனி கடிதம் அனுப்ப வேண்டுமானால் தனியார் நிறுவனத்திடம் போக வேண்டும். பதினாறு நாள் அல்ல, நிரந்தர நிறுத்தம்!

"கடிதம் குறைந்துவிட்டதே, துறைக்குப் பல ஆயிரம் கோடி நஷ்டமாமே" என்று கேட்பீர்கள். குறைந்தது உண்மை, பற்றாக்குறையும் உண்மை. ஆனால் போலீஸ் ஸ்டேஷன் லாபம் தருகிறதா? கிராமத்துச் சாலை லாபம் தருகிறதா? கடிதம் குறைந்தால் பார்சல் கூடுகிறது, வீட்டு வாசலில் ஆதாரைக் காட்டிப் பணம் எடுக்கும் வசதி வந்திருக்கிறது. இதையெல்லாம் வீடு வரை கொண்டுபோகிற கால்கள் யாருடையவை? அந்தக் கால்களுக்கு நாலு மணி நேரக் கூலி கொடுத்துவிட்டு நாள் முழுக்க ஓடு என்றால் என்ன நியாயம்?

என்ன செய்யலாம்?

வேலை நிறுத்தத்தால் உங்களுக்குக் கஷ்டமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. பார்சல் தேங்கும், பாஸ்போர்ட் தாமதமாகும், விசா தேதி போய்விடும். அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது என்பதுதான் கேள்வி. ஊழியர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை: மக்களிடம் வந்து உங்கள் கோரிக்கையை விளக்குங்கள். கடிதத்தை இரண்டு நாள் போட்டு வைப்பதும் இனாமுக்குத் தலை சொறிவதும் உங்களில் சிலரிடம் இருந்தால், அதை நீங்களே கண்டியுங்கள். மக்கள் உங்கள் பின்னால் நிற்பார்கள். 1946 ஜூலையில் தபால் ஊழியர்கள் வேலையை நிறுத்தியபோது, ஜூலை 29 அன்று கல்கத்தா நகரமே அவர்களுக்காகப் பொது வேலை நிறுத்தம் செய்தது.

வணிகர்களே! உங்கள் வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். ரிஜிஸ்டர் தபாலைப் பழைய கட்டணத்தில் திரும்பக் கொடு, கிளை அஞ்சலகங்களை மூடாதே, கிராம ஊழியர்களை நிரந்தரமாக்கு என்று எழுதி உங்கள் எம்.பி.க்கு அனுப்புங்கள். அதையும் தபாலிலேயே அனுப்புங்கள்!

இளைஞர்களே! உங்கள் ஊர் கிளை அஞ்சலகத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே இருப்பவருக்கு எத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம், எத்தனை மணி நேரம் வேலை என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வந்து கடைவீதியில் சொல்லுங்கள்.

தபால்காரர் வேலையை நிறுத்தினால் மறுபடியும் வருவார். தபாலே நின்றுவிட்டால் யார் வருவார்? சிந்தியுங்கள்!