விடியும்வரை ஆடாத கூத்து

கூத்து வாழ்கின்றது என்று இன்று மேடைதோறும் பெருமையுடன் கூறப்படுகின்றது. க. பொ. த. உயர்தர வகுப்பிலே நாடகமும் அரங்கியலும் ஒரு பாடம். பல்கலைக்கழகங்களிலே கூத்துப் பற்றிய ஆய்வேடுகள் குவிகின்றன. விழா எதுவாயினும் நிகழ்ச்சி நிரலில் 'பாரம்பரியக் கூத்து' என ஒரு வரி இடம்பெறத் தவறுவதில்லை. இவற்றைச் சான்றாகக் காட்டிக் கூத்தைக் காத்துவிட்டோம் என நிறைவடைவோர் பலர். அவர்கள்முன் ஒரு வினாவை வைக்க விரும்புகின்றோம். நாம் காத்தது எதனை? ஆட்டத்தையா, அன்றி அவ்வாட்டத்தைச் சுற்றி இரவெல்லாம் கூடியிருந்த மக்களின் கூட்டத்தையா? ஆட்டத்தின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கூட்டத்தைக் கைவிட்டுவிட்டோம் என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் ஆடப்பட்ட வட்டக்களரியை முதலில் நோக்குவோம். ஊர்ப் பொதுவெளியிலே மண்ணைச் சற்று உயர்த்தி வட்டமாக்கி, சுற்றிலும் கம்புகள் நட்டு, மேலே வெள்ளை கட்டினால் களரி ஆயிற்று. கூத்து முடிந்ததும் அது மீண்டும் வெறும் நிலமாகிவிடும். நாற்புறமும் மக்கள் இருப்பர். ஆடுவோன் எல்லாத் திசைக்கும் முகங்காட்டவும் வேண்டும், எல்லாத் திசைக்கும் முதுகு காட்டவும் வேண்டும். முன்வரிசை என ஒன்று அங்கே இருக்க முடியாது.

அந்த ஓரிரவுக்குப் பின்னால் மாதக்கணக்கான இரவுகள் உள்ளன. அண்ணாவியார் ஊரவர் முன்னிலையில் ஆட்டக்காரருக்குச் சட்டம் கொடுப்பார். பகலிலே வயலிலும் வாவியிலும் உழைத்தோர் இரவிலே கூடி ஆட்டமும் பாட்டும் பழகுவர். கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என ஒவ்வொரு படியும் ஊர் கூடும் சந்தர்ப்பமே. அரங்கேற்றத்தின் பின் வீடுவீடாகச் சென்று ஆடும் வழக்கமும் உண்டு. எனவே, அரங்கேற்ற இரவன்று களரியைச் சுற்றி இருப்போர் அக்கூத்தை அன்றுதான் புதிதாகக் காண்பவரல்லர். அது வளர்ந்த விதத்தை அறிந்தவர்கள். அதன் குற்றங் குறைகளைச் சொல்லும் உரிமை பெற்றவர்கள்.

இது ஏன் இரவிலே நிகழ்ந்தது? உழைக்கும் மக்களின் பகல் அவர்களுக்குச் சொந்தமானதன்று. அறுவடை முடிந்த காலத்து இரவே அவர்களுக்கென எஞ்சியது. விடியும்வரை எவரும் கண்ணிமைக்காது பார்த்திருந்தனர் என எண்ணுவதும் தவறு. பாயிலே பிள்ளைகள் உறங்குவர். முதியோர் வெற்றிலை போட்டபடி பழங்கதை பேசுவர். தேநீர்க் கொட்டிலருகே ஒரு கூட்டம் நிற்கும். போர்க்கட்டம் வந்ததும் உறங்கியோர் தட்டியெழுப்பப்படுவர். விடியலிலே வாழி பாடும்போது எல்லோரும் சேர்ந்தே எழுவர். பார்வையாளரின் பொறுமையைச் சோதிக்கவா கூத்து நீண்டது? ஓர் ஊர் தன்னோடு தான் ஓர் இரவைக் கழிப்பதற்காகவே நீண்டது.

இது கிழக்கிற்கு மட்டுமே உரிய வழக்கமன்று. யாழ்ப்பாணத்துக் காத்தவராயன் கூத்தும், முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்தும், மன்னார்க் கத்தோலிக்க மக்களின் நாட்டுக்கூத்துக்களும் இரவிரவாக ஆடப்பட்டவையே. மலையகத்தின் காமன் கூத்தோ இன்னுமொரு படி மேலே செல்கின்றது. மாசி மாதத்திலே தோட்டத்து லயங்களும் பாதைகளும் வெளிகளும் யாவும் அதன் அரங்காகின்றன. விடிந்தாற் பிரட்டுக்குச் செல்லவேண்டிய தொழிலாளி, தோட்டத்துரையின் கணக்கில் அடங்காத ஓர் இரவைத் தனதாக்கிக் கொள்கின்றான். இவ்வாறான கூடலையே நாம் மாற்று அரங்கு என்று அழைத்தல் வேண்டும். தலைநகரத்து மண்டபங்களிலே புதிதாக ஒன்றை மேடையேற்றிவிட்டு அதற்கு மாற்று அரங்கு எனப் பெயர்சூட்டுவோர், தமக்கு முன்பே மக்கள் உருவாக்கி வைத்திருந்த மாற்றினை அறியாதவரே.

அவ்வாறாயின் மண்டபம் எவ்வாறு வந்தது? வரலாற்றை நேர்மையாக நோக்குதல் வேண்டும். 1956 இல் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' மேடையேறியது. தமிழ்க் கூத்துடன் உறவுடைய நாடகம என்னும் சிங்கள வடிவத்தினின்றும் அவர் ஒரு தேசிய நாடக மரபைச் சமைத்தார். கூத்தைப் 'பட்டிக்காட்டான் ஆட்டம்' என இகழ்ந்துகொண்டிருந்த தமிழ் மத்தியதர வர்க்கத்தினர் அப்பொழுதுதான் விழித்துக்கொண்டனர். பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலி வதை (1968) ஆகியவற்றைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். இரவெல்லாம் நடந்த கூத்துச் சுருக்கப்பட்டது. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. அம்முயற்சி அன்று தேவையாயிருந்தது. கூத்தாடுவது இழிவு என்ற எண்ணத்தை உடைத்ததில் அதன் பங்கு பெரிது. அதனை மறுப்போர் வரலாறு அறியாதவர்.

ஆனால், ஒரு காலத்தின் உத்தியை எக்காலத்துக்கும் உரிய இலட்சணமாக்கியது யார்? அது நாமே. நகரத்தவரைக் கூத்தின்பால் ஈர்க்கச் செய்த சுருக்கம் இன்று கூத்தின் இலக்கணமாகிவிட்டது. இன்றைய கலைவிழா ஒன்றைப் பாருங்கள். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை போர்த்தல் ஆகியன முடிந்தபின் எஞ்சிய நேரத்திலே கூத்து. அதுவும் 'நேரத்தைக் கருத்திற் கொண்டு' சுருக்கப்படும். பேச்சுக்கு நேரம் உண்டு, ஆட்டத்துக்கு இல்லை! மத்தளத்தை இறக்கி வைத்துவிட்டு அண்ணாவியார் திரைமறைவிலே காத்திருக்க, கூத்தின் பெருமையைப் பற்றி ஒலிவாங்கியிலே ஒருவர் முழங்கிக்கொண்டிருப்பார்.

இதனால் நேரும் நட்டம் உணர்ச்சி சார்ந்தது மட்டுமன்று. ஓர் அண்ணாவியாரின் நினைவிலே ஓர் இரவுக்குரிய விருத்தங்களும் தருக்களும் தாளக்கட்டுகளும் உள்ளன. நாற்பது நிமிடக் கூத்துக்கு நாற்பது நிமிட அறிவே போதும். மாணவர் அவ்வளவையே கற்கின்றனர். அவ்வளவையே தம் மாணவருக்குக் கற்பிக்கின்றனர். எஞ்சியவை முதியோருடன் சுடலைக்குச் செல்கின்றன. ஒளிப்பதிவு செய்து வைத்துள்ளோமே என்பார் சிலர். பதிவு செய்தல் நன்றே. ஆயினும் பெட்டியிலே பூட்டிய விதைநெல் வயலாகாது.

இரவு எம்மிடமிருந்து பறிக்கப்பட்ட காலமும் இருந்தது. போர்க்காலத்திலே வடக்குக் கிழக்கு மக்களுக்கு இரவு என்பது ஊரடங்குச் சட்டமும், சுற்றிவளைப்பும், ஷெல் வீச்சும் ஆயிற்று. மத்தள ஒலி கேட்ட ஊர்களிலே நாய் குரைத்தாலே நெஞ்சு பதைத்தது. அத்தகைய காலத்திலும் 1985 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை ஊரூராகக் கொண்டுசென்று மக்கள்முன் ஆடினர். மக்கள் கூடுவது ஆபத்தாக இருந்தபோதும் கூடல் நின்றுவிடவில்லை. போர் 2009 இல் முடிவடைந்தது. பின்னர் 2019 ஏப்ரில் குண்டுவெடிப்புகளும், 2020 இன் நோய்த்தொற்றும் மீண்டும் ஊரடங்கைக் கொணர்ந்தன. அவையும் நீங்கின. இன்று எம்மைத் தடுப்பது துப்பாக்கியன்று, எமது பழக்கமே. இரவு திரும்பி வந்தபோதும் நாம் அதனிடம் திரும்பவில்லை. கோயில் வெளிகளிலே அந்த இரவைக் கூலிக்கு அமர்த்திய இசைக்குழுக்களும் ஒலிபெருக்கிகளும் எடுத்துக்கொண்டன. ஊர் இப்பொழுது பணம் சேர்த்துக் கொடுக்கின்றது, ஆடுவதில்லை.

இரவுக் கூடல் ஒழுக்கக் கேட்டுக்கு வழிவகுக்கும், குடியும் சண்டையும் வரும், பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லை என ஒரு சாரார் அச்சுறுத்துவர். குடி இரவில் மட்டுமா உள்ளது? பெண்களின் பாதுகாப்பு மெய்யான பிரச்சினை என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆனால், அதற்குப் பரிகாரம் இரவை ஆண்களுக்கு எழுதிக் கொடுப்பதா? முழு ஊரும் விழித்திருக்கும் வெளியைவிடப் பாதுகாப்பான இடம் எது? விடுதிக் கதவின் பூட்டை ஒழுக்கத்தின் அளவுகோலாகக் கொள்வோர், மாணவியரைக் கூத்திலிருந்து விலக்கிவிட்டு, கூத்திலே பெண்களின் பங்கேற்பு ஏன் குறைவு என ஆய்வுக் கருத்தரங்கு நடத்துவது நகைப்புக்குரியது.

முற்போக்காளர் சிலரின் ஆட்சேபம் இதனினும் கனமானது. பழைய களரி சமத்துவத்தின் உறைவிடமன்று. பெண் பாத்திரத்தையும் ஆணே ஆடினான். யார் ஆடலாம், யார் பறை முழக்கலாம், யார் எங்கே அமரலாம் என்பவற்றைச் சாதி தீர்மானித்தது என்பர். இது முற்றிலும் உண்மை. இதனை மறைத்துக் 'கிராமிய ஒற்றுமை' என இனிக்கப் பேசுவோருடன் எமக்கு உடன்பாடில்லை. ஆனால், மண்டபம் சாதியை ஒழித்ததா? அது அழைப்பிதழாலும் ஆசன வரிசையாலும் வேறொரு தரவரிசையைப் புகுத்தியது, அவ்வளவே. கூத்தை மாற்றும் வழிகள் எம்மவரால் முன்னரே காட்டப்பட்டுள்ளன. 1960 களின் இறுதியிலே ஆலயப் பிரவேசப் போராட்டச் சூழலில் எழுந்த 'கந்தன் கருணை' சாதிக் கொடுமைக்கு எதிராகக் கூத்தினையே ஆயுதமாக்கியது. இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே மட்டக்களப்புச் சீலாமுனையிலே சி. ஜெயசங்கரும் அவ்வூர்க் கலைஞரும் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம், பெண் பாத்திரங்களின் சித்திரிப்பையும் சாதி, போர் பற்றிய கருத்துக்களையும் ஊரவர் தாமே களரியில் வைத்து விவாதித்து மாற்ற இயலும் எனக் காட்டியது. கூடியிருக்கும் ஊரே தன்னைத் திருத்திக்கொள்ள வல்லது. கலைந்துபோன ஊரைத் திருத்துவது எவ்வாறு?

இனி, இது வேகயுகம், இரவெல்லாம் விழித்திருக்க யாருக்கு நேரம் என்னும் வாதம். கிரிக்கெட் ஆட்டத்துக்காகவும் பரீட்சைக்காகவும் விழித்திருக்கும் அதே மாணவர்தாம் இதனைச் சொல்கின்றனர். கைத்தொலைபேசியின் முன் தனித்தனியே விழித்திருப்போர் தொகை எம்மிடையே குறைவன்று. எனவே குறைந்துவிட்டது விழிப்பன்று, சேர்ந்து விழித்திருக்கும் விருப்பமே.

ஆகவே, குறைகூறுவதோடு நில்லாது எமது தமிழ்ச் சங்கத்தாரிடமே ஒரு கோரிக்கையை முன்வைக்கின்றோம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் திறந்த வெளியிலே, வட்டக்களரியிலே, ஒரு முழுக்கூத்து விடியும்வரை ஆடப்படல் வேண்டும். எதனை ஆடுவது, எவ்வளவு ஆடுவது என்பதை அண்ணாவியார் தீர்மானிக்கட்டும். மாணவியர் ஆட்டக்காரராகவும் மத்தளகாரராகவும் பங்குகொள்ளட்டும். சிற்றூழியரும் அயற்கிராமத்தவரும் தோட்டத் தொழிலாளரும் அழைப்பிதழ் இன்றி வந்து அமரட்டும். பிரதம விருந்தினர் வேண்டாம். வருபவர் பாய் கொண்டுவரட்டும். 1961 இல் 'சிங்கபாகு' பேராதனைத் திறந்தவெளி அரங்கிலே, வானத்தின் கீழ், நிலச்சரிவில் அமர்ந்த மக்கள்முன் ஆடப்பட்டது. சிங்கள நாடகத்துக்கு அவ்வெளியில் இடம் இருந்ததெனின், அதன் உறவான தமிழ்க் கூத்துக்கும் அங்கே ஓர் இரவு உரியதே.

கூத்தைப் பற்றி நாம் பேசியது போதும். ஓர் இரவு கூடியிருந்து பார்ப்போம். விடியலில் வாழி பாடும்போது களரியைச் சுற்றி எத்தனைபேர் எஞ்சியிருக்கின்றனர் என்பதைக் கொண்டே கூத்து வாழ்கின்றதா, இல்லையா என்பதைத் தீர்மானிக்கலாம்.