பழைய கம்ப்யூட்டர் குப்பையல்ல!

2025 அக்டோபர் 14ந் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு மாறுங்கள் என்கிறது. ஆனால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், அது அங்கீகரித்த புதிய பிராசஸரும் இல்லாத இயந்திரங்களை அது முறைப்படி ஏற்பதில்லை. நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கு என்பதல்லாமல் இதற்கு வேறென்ன பொருள்? ஏழை மாணவனும், சிறு கடைக்காரரும், தொழிற்சங்க அலுவலகமும் பணத்துக்கு எங்கே போவது?

வழி இருக்கிறது. அது சட்டைப் பையில் அடங்கும். எட்டு ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் இயங்குதளத்தை எழுதிக் கொள்ளலாம்; காசு கொடுக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டரைப் போட்டதும், அதன் தயாரிப்பைப் பொறுத்து எப்.12 போன்ற ஒரு விசையை அழுத்தி, பென் டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதிலிருந்தே இயங்குதளம் நினைவகத்துக்கு வந்து ஓடும். ஹார்ட் டிஸ்க் கெட்டுப் போயிருந்தாலும் வேலை நடக்கும். செய்ததைச் சேமிக்க பென் டிரைவிலேயே ஒரு பகுதியை ஒதுக்கலாம்.

இது நேற்றைய கண்டுபிடிப்பல்ல. ஜெர்மனியின் கிளவுஸ் க்னோப்பர் 2000ல் வெளியிட்ட க்னோப்பிக்ஸ், குறுந்தகட்டிலிருந்தே ஓடியது. மைக்ரோசாப்டுக்கும் இந்த வித்தை தெரியும். 2012ல் விண்டோஸ் 8 வந்தபோது 'விண்டோஸ் டு கோ' என்று கொடுத்தது. யாருக்கு? பெரிய நிறுவனங்களுக்கான பதிப்பை வாங்கியவர்களுக்கு! சாதாரண ஜனங்களுக்கு இல்லை. 2020ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் அதையும் நீக்கிவிட்டது.

லினக்ஸை அப்படிப் பறிக்க முடியாது. பல நாட்டு உழைப்பாளிகள் சேர்ந்து உருவாக்கியது அது. யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்பது அதன் உரிம விதி. பெரிய கம்பெனிகளும் அதனால் லாபம் அடைகின்றன என்பது உண்மையே. ஆயினும் அந்தப் பொதுச் சொத்துக்கு அவற்றால் பூட்டுப் போட முடியவில்லை.

குறைகளும் உண்டு. பழைய யு.எஸ்.பி. 2.0 இணைப்பில் வேகம் குறையும். ஓயாமல் எழுதினால் பென் டிரைவ் தேயும். கைதவறித் தொலையவும் தொலையும். ஆகவே முக்கியக் கோப்புகளுக்கு மறுபிரதி அவசியம்.

கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில் பாடம் நடத்துகின்றன. சர்க்கார் மனம் வைத்தால் நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. இங்கும் அதைக் கோருவோம். அதுவரை சும்மா இருக்க வேண்டுமா? சங்க அலுவலகந்தோறும் ஒரு பென் டிரைவ், கற்றுக்கொடுக்க ஒரு வாலிபத் தோழர்: இவ்வளவு போதும். நாம் உழைத்து வாங்கிய இயந்திரத்தின் ஆயுளை முதலாளி நிர்ணயிக்க விடக் கூடாது!