விண்ணிலிருந்து வந்த ஒரு பிடி மண்

வல்வில் ஓரியால் புகழ்பெற்ற கொல்லிமலையின் அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சி என்னும் ஊர் உள்ளது. மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் கற்களை உருட்டிக்கொண்டு வருகின்றன. அவ்வோடையில் கிடக்கும் கூழாங்கல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது மலையிற் பிறந்த கல்லே. ஆயினும் நீரில் உருண்டு, விளிம்புகள் தேய்ந்து, சேறும் பாசியும் படிந்து வந்த கல். மலையின் எப்பகுதியில் அது பிறந்தது, அங்கே அதனைச் சூழ்ந்திருந்தவை எவை என்று ஆராய்ந்தால் முழு விடை கிடைப்பதில்லை. மலையின் இயல்பை ஐயமற அறிய விரும்புவோர் மலைமேல் ஏறிப் பாறையிலிருந்தே ஒரு சில்லைப் பெயர்த்து வருதல் வேண்டும்.

விண்ணை ஆராயும் அறிஞர்களும் இதனையே செய்துள்ளனர். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே பல லட்சம் சிறுகோள்கள் ஞாயிற்றைச் சுற்றி வருகின்றன. சில, புவியின் பாதைக்கு அருகிலும் வருகின்றன. அவற்றினின்றும் உடைந்த துண்டுகளே பெரும்பாலும் விண்கற்களாக நம் நிலத்தில் விழுகின்றன. 1857ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் அக்காலத்து மதுரை மாவட்டத்தில் அத்தகைய கற்கள் விழுந்தன. ஆங்கிலேயர் ‘பார்னல்லி’ என்று பெயர் எழுதிவைத்த அக்கற்களின் எடை 77 கிலோகிராமுக்கும் மிகுதி.

இங்கே ஒரு வினா எழுகின்றது. வானம் தானே கற்களைக் கொடுக்கும்போது, பல கோடி செலவிட்டு ஒரு பிடி மண்ணை எடுத்துவரச் செல்வது அறிவுடைமை ஆகுமா? வறுமை நீங்காத உலகில் இக்கேள்வியைப் புறக்கணித்தல் தகாது. ஆயினும், அச்செலவு தக்கதே என்பது என் கருத்து. அதற்குரிய காரணங்களைக் காண்போம்.

ஜப்பானியரின் ஹயபூசா என்னும் விண்கலம் இட்டோகாவா என்ற சிறுகோளின் துகள்களுடன் 2010ஆம் ஆண்டு ஜூன் திங்களில் திரும்பியது. அது கொணர்ந்தவை கண்ணுக்கும் புலப்படாத 1,500க்கும் மேற்பட்ட நுண்துகள்கள். அவற்றை ஆராய்ந்தபோது, மதுரைப் பக்கம் விழுந்த பார்னல்லிக் கல் எக்குடும்பத்தைச் சேர்ந்ததோ அக்குடும்பத்தையே அவையும் சேர்ந்தவை எனத் தெரிந்தது. அவ்வகைக் கற்களின் தாயகம் எது என்பதற்கு நேர்ச் சான்று அன்றுதான் கிட்டியது. மேலும், அத்துகள்கள் ஒரு காலத்தில் ஏறத்தாழ 800 பாகை வெப்பத்தில் வெந்திருந்தன. இட்டோகாவாவின் நீளமோ அரைக் கிலோமீட்டரை ஒட்டியதே. அத்துணைச் சிறிய பொருளின் உள்ளே அவ்வளவு வெப்பம் தங்கியிருக்க இயலாது. எனவே, 20 கிலோமீட்டருக்கும் பெரியதொரு தாய்க்கோள் முன்பு இருந்தது. அது மோதலால் சிதறியது. சிதறிய துண்டுகளுட் சில தம் ஈர்ப்பால் மீண்டும் ஒன்றுகூடின என்று அறிஞர் முடிவு செய்தனர்.

இதனை மெய்ப்பிக்கும் நிகழ்ச்சி ஒன்று பின்னர் நேர்ந்தது. 2020ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அமெரிக்க விண்கலமாகிய ஒசைரிஸ்-ரெக்ஸ், பென்னு என்னும் சிறுகோளைத் தன் கரத்தால் தொட்டது. கெட்டிப் பாறைமேல் படுவதுபோல் அக்கரம் நிற்கவில்லை. நெற்குவியலில் கையை விட்டாற்போல் உள்ளே இறங்கிற்று. பென்னு ஒரே பாறையன்று. தளர்வாகக் கூடிய கற்குவியல். அங்கு எடுத்த 121.6 கிராம் மண் 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் புவியை அடைந்தது.

அம்மண்ணில் உப்புகள் காணப்பட்டன. கடல்நீர் வற்றிய பாத்தியில் உப்புப் படிவதுபோல், பென்னுவின் தாய்க்கோளிலும் உவர்நீர் வற்றியபோது அவை படிந்தன. தொடக்கத்தில் அங்கே பனிக்கட்டி தூசியோடு கலந்திருந்தது. கதிரியக்க அலுமினியத்தின் வெப்பத்தால் அப்பனி உருகி நீராயிற்று. அந்நீர் கற்களின் இயல்பையே மாற்றியது. உயிர்கள் புரதம் கட்டுவதற்குப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களுள் 14 அம்மண்ணில் இருந்தன. அங்கே உயிர் வாழ்ந்தது என்பது இதன் பொருளன்று. உயிருக்கு வேண்டிய மூலப்பொருள்கள் உயிரில்லாத இடத்திலும் உண்டாகும் என்பதே பொருள்.

இனி, முதல் வினாவுக்கு வருவோம். பென்னுவின் உப்புகளுட் சில ஈரக்காற்றுப் பட்டாலே சிதையக்கூடியவை. அவை விண்கல்லாக நம் வயலில் விழுந்திருந்தால், ஒரு மழைக்கு முன்னே கரைந்து மறைந்திருக்கும். அங்கு நீர் இருந்தது என்னும் செய்தியும் உடன் மறைந்திருக்கும். ஜப்பானியர் 2020ஆம் ஆண்டு டிசம்பரில் ரியூகு என்னும் சிறுகோளிலிருந்து 5.4 கிராம் மண்ணைக் கொணர்ந்தனர். அதில் ஒரு துகளை இங்கிலாந்தில் ஆராய்ந்தபோது, புவியின் நுண்ணுயிர்கள் அதன்மேல் விரைவில் குடியேறிப் பெருகின என்று 2024ஆம் ஆண்டு அறிவித்தனர். காற்றுப்படாது பேணிக் கொணர்ந்த பொருளுக்கே இந்நிலை என்றால், திறந்த வெளியில் விழுந்த கல்லின் சான்றை எங்ஙனம் முழுதும் நம்புவது? ஓடைக் கல்லும் மலைக் கல்லும் ஒன்றாகா.

முள்ளுக்குறிச்சியிலிருந்து காணும் கொல்லிமலைப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையவை என்பர். ஞாயிற்றுக் குடும்பமோ தோன்றி ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகள் ஆகின்றன. புவி தன் இளமைக்காலப் பாறைகளைப் பெரும்பாலும் உருக்கியும் அழுத்தியும் மாற்றிவிட்டது. நாம் வாழும் நிலம் மறந்துபோன கதையை அச்சிறுகோள்களே நினைவில் வைத்துள்ளன. அவற்றைச் செலவிட்டுக் கேட்பது வீண் அன்று.

விண்ணாராய்ச்சி தொலைவிலுள்ளோர்க்கு மட்டும் உரியது என்று கருதவேண்டா. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதிப் பாறைகளைப் பொடித்தே, சந்திரயான்-2 கலத்தின் சோதனைக்காக நிலவின் மண்ணை ஒத்த மண் ஆக்கப்பட்டது.

பென்னு மண்ணின் பெரும்பகுதியை அறிஞர்கள் இன்று தொடாமல் பாதுகாத்து வருகின்றனர். இனிப் பிறக்கவிருப்போர் இன்னும் நுட்பமான கருவிகளால் ஆராயட்டும் என்பது அவர்தம் எண்ணம். விதைநெல்லை உண்டுவிடாமல் காத்துவைக்கும் உழவனின் பண்பு இது. மாணவர்களே! அம்மண்ணை ஆராயும் கைகளுள் உங்கள் கையும் ஒன்றாகலாம். அதற்கு இன்றே உங்கள் காலடியில் கிடக்கும் கல்லை உற்று நோக்கி, ‘நீ எங்கிருந்து வந்தாய்?’ என்று கேட்கப் பழகுங்கள்.