தேய்ந்த காசுக்கு மார்க்கு

பரீட்சைத் தாள் திருத்திப் பழகிய கை சும்மா இருப்பதில்லை. எதைக் கண்டாலும் மார்க்குப் போடத் துடிக்கிறது. ஆகையால், பழங்காசுகளுக்கும் மார்க்குப் போடும் சாஸ்திரம் ஒன்று உண்டென்று அறிந்ததும் நமக்கு உற்சாகம் பிறந்ததில் வியப்பில்லை.

1949-இல் வில்லியம் ஷெல்டன் என்னும் அமெரிக்கர் தம் நாட்டுப் பழைய செப்புக் காசுகளைத் தரம் பிரிக்க 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். பிற்பாடு வெள்ளிக்கும் பொன்னுக்கும் அதுவே பரவிற்று. அதில் ஒரு வேடிக்கை. எழுபதுக்கு 4 மார்க்கு வாங்கிய காசுக்கு 'நல்லது' என்று பெயர். 8 வாங்கினால் 'மிக நல்லது'! எந்தப் பள்ளிக்கூடத்தில் இது செல்லும்?

ஆயினும் யோசித்தால் அதிலும் நியாயம் உண்டு. 'நல்லது' என்றால் உருவத்தின் வெளிக்கோடு முழுமையாக நிற்கிறது, எழுத்தைப் படிக்கலாம், உள் வேலைப்பாடு மட்டும் போய்விட்டது என்று பொருள். விளிம்பும் தேய்ந்து எழுத்தைத் தின்னத் தொடங்கினால் 3. இன்ன காசு என்று மட்டும் சொல்லக்கூடுமானால் 1.

நம் வீடுகளில் பாட்டிமார் முடிந்து வைத்த விக்டோரியா ரூபாயை எடுத்துக்கொள்வோம். முதல் விதி, புளியும் உமிக்கரியும் அதன் அருகே வரலாகாது. தேய்த்துப் பளபளப்பாக்கிய காசு தன் மதிப்பையும் சேர்த்து இழக்கிறது. விளக்கொளி சாய்வாக விழும்படி பிடித்து, மேடான இடங்களை முதலில் பார்க்க வேண்டும். காதின் மேலுள்ள கூந்தல், கன்னம், கிரீடம், மேலாடையின் பூவேலை ஆகியவையே முந்தித் தேய்பவை.

அடுத்து, தேய்வு வேறு, காயம் வேறு. ஆயிரம் கை மாறித் தேய்ந்த காசு எங்கும் ஒரே சீராக வழவழத்திருக்கும். மாலையில் கோக்க வளையம் பற்றவைத்த தழும்பு, துளை, அரம் பட்ட விளிம்பு ஆகியவை காயங்கள். அவற்றுக்குத் தனியே மார்க்குக் குறைக்க வேண்டும். தேய்வோடு சேர்த்து மறைத்தல் ஆகாது.

வருஷம் அழிந்துவிட்டதா? கவலை வேண்டாம். கிரீடமில்லாத தலையும் பின்புறத்தில் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி' என்ற பெயரும் இருந்தால் அது 1840 என்ற வருஷம் தாங்கிய காசு. கிரீடம் வந்தது 1862-இல். 1874 வரை அடித்த ரூபாய்களும் அந்த 1862 என்ற வருஷத்தையே தாங்கி வந்தன. 'குயின்' என்ற சொல் போய் 'எம்ப்ரெஸ்' வந்தது 1877 முதல். பாதி எழுத்துத் தெரிந்தாலும் காலம் பிடிபட்டுவிடும்.

பிறகு தராசு. புது ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், பன்னிரண்டு பங்கில் பதினொன்று வெள்ளி. முகமே தெரியாத அளவு தேய்ந்த காசு முழு எடை நின்றால் மகிழ வேண்டாம், சந்தேகிக்க வேண்டும். தேய்ந்த வெள்ளி எங்கே போயிற்று? போலி தன்னைக் காட்டிக்கொடுக்கும் இடம் அதுவே. ஆனால் எடை ஒன்றையே நம்பவும் கூடாது. 1940 முதல் அடித்த வெள்ளி ரூபாயில் வெள்ளி பாதிதான். எடையோ பழைய எடையே.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். மிகத் தேய்ந்த சாதாரண ரூபாய் பெரும்பாலும் வெள்ளி விலைக்குத்தான் போகும் என்பது மெய்யே. ஆனால் எல்லாமே சாதாரணமல்ல. 1939-ஆம் வருஷத்து ரூபாய் அரிது. அது தேய்ந்திருந்தாலும் உருக்குக்குப் போடத்தக்கதன்று. போலியும் அதில் மிகுதி. பெட்டியை அப்படியே கடையில் கவிழ்க்கும் விதவைத் தாய்க்கு இது தெரியாது. "தேய்ந்துபோச்சு, அம்மா" என்ற ஒரே வார்த்தையில் அவளுடைய பல வருஷச் சேமிப்பு உலைக்குப் போய்விடுகிறது. மெருகேற்றிய தேய்ந்த காசை உயர்தரமென்று விற்பவரும் இருக்கிறார். நாணயம் என்ற ஒரே சொல்லால் காசையும் நேர்மையையும் நம் முன்னோர் வழங்கியது வீணல்ல.

ஆகவே, பெட்டி கடைக்குப் போகுமுன் ஒரு காகிதம் எடுங்கள். காசு ஒவ்வொன்றுக்கும் தெரிகிற எழுத்து, வருஷம், எடை, காயம் என நான்கு கலம் எழுதுங்கள். வீட்டுப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். அதன் பின்பு விலை பேசலாம்.