ரெஸ்யூமேக்கு உதவாத ஹாபி

மக்களே, உங்க ரெஸ்யூமேல ஹாபின்னு என்ன போட்டிருக்கீங்க? 'ரீடிங் புக்ஸ், லிசனிங் டு மியூசிக்' தானே? சீனியர் அனுப்பின ஃபைல்ல இருந்ததை நாமும் மாத்தலை. ஹெச்.ஆர்.கிட்ட சொல்றதுக்குன்னு ஒரு பொழுதுபோக்கு தேவையே இல்லைன்னுதான் நான் சொல்வேன்.

மீஞ்சூரில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறுறவங்க அனுப்பம்பட்டு தாண்டினதும் வெளியே பாருங்க. வயலோரம் மண் நிறத்தில் ஒரு கொக்கு அசையாம நிக்கும். அதுதான் மடையான். பறக்கும்போது பார்த்தா திடீர்னு வெள்ளை! மூடியிருந்த இறக்கை முழுக்க வெள்ளை நிறம். நான் தினமும் எண்ணுவேன். ஷிப்டுக்குப் போற ஒரு அண்ணன், "என்ன தம்பி, ரேஷன் கார்டு குடுக்கப் போறியா?"ன்னு கிண்டல் பண்ணார். அடுத்த வாரம் அவரே, "11 மடையான். நீ போனைப் பாத்துட்டிருந்த"ன்னார்.

பைனாகுலர்கூட வேண்டாம். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015லிருந்து நடக்குது. 15 நிமிஷம் பார்த்ததை ஈபேர்டு செயலியில் ஏத்தினா போதும்.

இது வெறும் டைம்பாஸ் இல்லையான்னு கேட்கலாம். எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிஞ்ச கதை நமக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி அங்கே எந்தப் பறவை எத்தனை இருந்ததுன்னு யாராவது எழுதி வெச்சிருந்தாத்தானே, என்ன போச்சுன்னு கேட்க முடியும்? அந்த வேலைக்கு டிகிரி வேண்டாம், ஜன்னல் சீட் போதும்.

வர்ற பொங்கலுக்கு அண்ணனும் பழவேற்காடு வர்றாராம், பூநாரை பார்க்க. செயலியில் ஏத்துறது மட்டும் என் பொறுப்பாம்.